பங்குனி உத்திரத்துக்கு ஊருக்குப் போகிறவர்களுக்கு

திருநெல்வேலிச் சீமையை விட்டு வெளியேறி, சென்னையிலோ பெங்களூரிலோ அதற்கும் அப்பாலோ குடியிருப்பவர்கள் ஆண்டுக்கு ஒரு முறைதான் ஊருக்குப் போக முடியும் என்றால், அந்த ஒரு முறையைத் தீபாவளிக்கு வைக்காமல் பங்குனி உத்திரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்பதே நான் எல்லோரிடமும் சொல்வது. தீபாவளி அவரவர் வீட்டுக்குள் நடக்கும் பண்டிகை. காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துச் சாப்பிட்டு முடித்தால் பகல் ஓடிவிடும். மறுநாள் இரவு ரயிலுக்குப் பெட்டி கட்ட வேண்டியிருக்கும். பங்குனி உத்திரம் அப்படியன்று. நெல்லை, தென்காசி, தூத்துக்குடி, குமரி மாவட்டங்களில் அன்றைக்கு ஒவ்வொரு குடும்பமும் தன் குலதெய்வமான சாஸ்தாவின் (அய்யனாரின்) கோயிலுக்குப் போவது வழக்கம் என்பதால், எங்கெங்கோ சிதறிக் கிடக்கும் பங்காளிகளான சொக்காரர்கள் அத்தனை பேரும் யாரும் பத்திரிகை வைக்காமலேயே ஒரு குளத்தங்கரையில் வந்து கூடுவார்கள். நம் அலுவலக விடுமுறைக்கு ஏற்ப ஊரைப் பார்க்கப் போனால் பூட்டிய வீடுகளைத்தான் பார்ப்போம். ஊருடைய நாளுக்கு நாம் போனால்தான் மனிதர்களைப் பார்க்க முடியும்.

பங்குனி உத்திரம் மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவுக்குள் ஏதேனும் ஒரு நாளில் வரும். பெரும்பாலும் வேலைநாளில்தான் விழும். பள்ளித் தேர்வுகளும் அதே காலத்தில் வருவதால், புதிய பஞ்சாங்கம் கைக்கு வந்தவுடனேயே நாளைக் குறித்துக்கொண்டு அலுவலகத்தில் விடுப்புச் சொல்லிவிடுங்கள். உத்திரத்துக்கு இரண்டு நாள் முன்பும் மூன்று நாள் பின்பும் ஊரில் இருக்கும்படி வைத்துக்கொள்வது நல்லது. அதற்கு ஒரு முக்கியமான காரணம் உண்டு. திருமணமாகிப் போன அக்கா தங்கைகள் அன்றைக்குத் தங்கள் புகுந்த வீட்டுச் சாஸ்தாவுக்குப் போவார்கள். மாமா வீட்டார் அவர்களுடைய கோயிலுக்குப் போவார்கள். ஆகவே உத்திர நாளில் நீங்கள் பார்க்கப்போவது அப்பா வழிச் சொக்காரர்களை மட்டுமே. உடன்பிறந்தவளைப் பார்க்க வேண்டுமானால் அவளுக்குத் தனியாக ஒரு நாளை ஒதுக்க வேண்டும். இதை நினைக்காமல் ஒரே நாளுக்கு வந்துபோகிறவர்களின் அக்காமார், "தம்பி வந்தானாம், எட்டிக்கூடப் பார்க்கலை" என்று ஆண்டு முழுவதும் சொல்லிக்கொண்டிருப்பதை நான் கேட்டிருக்கிறேன். அந்த வருத்தத்தில் முழு நியாயம் இருக்கிறது.

பயணச்சீட்டு

2024 நவம்பர் 1 முதல் ரயில் முன்பதிவு பயண நாளுக்கு 60 நாள் முன்னதாகத்தான் திறக்கிறது. முன்பிருந்த 120 நாள் கணக்கை மனத்தில் வைத்திருப்பவர்கள் இதைத் திருத்திக்கொள்ள வேண்டும். போகும் நாளுக்கும் திரும்பும் நாளுக்கும் முன்பதிவு வெவ்வேறு நாள்களில் திறப்பதால், இரண்டையும் நாள்காட்டியில் தனித்தனியே குறித்து வைத்துக் காலை 8 மணிக்கே உட்கார்ந்துவிடுங்கள்.

சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு ரயில் பாதை ஏறத்தாழ 650 கிலோமீட்டர். 2023 செப்டம்பரில் தொடங்கிய வந்தே பாரத் ரயில் பிற்பகலில் புறப்பட்டு இரவிலேயே நெல்லையில் இறக்கிவிடும் என்றாலும், போகும்போது அதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. நள்ளிரவை ஒட்டிக் கதவைத் தட்டுகிறவனுக்காக எழுபது, எண்பது வயதுக்காரர்கள் சாப்பிடாமலும் தூங்காமலும் திண்ணையில் விழித்திருப்பார்கள். மறுநாள் முழுவதும் அவர்களுக்கு அசதிதான். நெல்லை எக்ஸ்பிரஸ் போன்ற இரவு ரயிலில் ஏறினால் காலையில் இறங்கலாம். கோவில்பட்டி தாண்டும்போது விழித்துக்கொண்டால், மணியாச்சிக்குப் பிறகு கரிசல் மெல்ல மாறி வருவதையும் பார்க்கலாம். கடையம், ஆழ்வார்குறிச்சிப் பக்கத்துக்காரர்கள் பொதிகை எக்ஸ்பிரஸில் தென்காசியில் இறங்கிக் கிழக்கே வருவது சுருக்கம். சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் போகிறவர்களுக்கு நெல்லையிலிருந்து செங்கோட்டை ரயிலும் உண்டு, பாபநாசம் பேருந்தும் உண்டு. கையில் சுமை குறைவாக இருந்தால் ரயிலில் போங்கள். சேரன்மகாதேவியைத் தாண்டியதும் தென்மேற்கே மலை தெரியத் தொடங்கும். அதைப் பார்த்த பிறகுதான் வந்து சேர்ந்தோம் என்று எனக்குத் தோன்றும்.

புறப்படும் முன் கேட்டுக்கொள்ள வேண்டியவை

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் செய்த ஒரு தவற்றை இங்கே சொல்ல வேண்டும். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் அப்பாவின் சிநேகிதர் ஒருவர் இருந்தார். பிறந்ததிலிருந்து நான் மாமா என்று அழைத்தவர். ஊருக்கு வந்த அன்று மாலையே அல்வாப் பொட்டலத்தைக் கையில் பிடித்தபடி உள்ளே நுழைந்து, "மாமா வயலுக்குப் போயிருக்காங்களா, அத்தை?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். அத்தை பதில் சொல்லவில்லை. நின்ற இடத்திலிருந்து ஓரடி விலகினார்கள். அவர்களுக்குப் பின்னால் சுவரில் சந்தன மாலை போட்ட படமும், கீழே சிறிய விளக்கும் இருந்தன. நான்கு மாதம் ஆகியிருந்தது. எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. "நீ என்ன மக்கா செய்வே, ஒனக்குத் தெரியாதுல்லா" என்று அந்த அத்தையே எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டியதாயிற்று. அல்வாவை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்ற அந்தக் கணம் இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது.

ஆகையால் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன் வீட்டில் இருக்கும் பெரியவர் ஒருவரிடம் தொலைபேசியில் நிதானமாகப் பேசி, கடந்த முறை வந்து போனதற்குப் பிறகு யார் யார் தவறிப்போனார்கள், யார் படுத்த படுக்கையாக இருக்கிறார்கள், எந்த வீட்டில் கல்யாணம் முடிந்தது, எங்கே பிள்ளை பிறந்திருக்கிறது, யாருக்கும் யாருக்கும் பேச்சு இல்லை என்பதையெல்லாம் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். குடும்பக் குழுவில் வந்த வாட்ஸ்அப் செய்திகளை நம்பியிருக்க வேண்டாம். எழுபது வயதுக்காரர்களின் மரணங்கள் அதில் பெரும்பாலும் வருவதில்லை. பேச்சு இல்லாத இரண்டு வீடுகளுக்கும் போகத்தான் வேண்டும். ஒரு வீட்டில் கேட்டதை மற்ற வீட்டில் சொல்லாமல் இருந்தால் போதும்.

இந்த விசாரிப்பில் ஒன்றை மட்டும் கடைசி வாரம் வரை தள்ளிப்போடாதீர்கள். சொக்காரர் வீடு ஒன்றில் இறப்பு நேர்ந்திருந்தால் அந்த ஆண்டு சாஸ்தா கோயிலுக்குப் போவதில்லை என்ற வழக்கம் பல குடும்பங்களில் உண்டு. குடும்பத்துக்குக் குடும்பம் இது மாறும் என்பதால், சீட்டு எடுக்கும் முன்பே மூத்தவரிடம் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது.

எடுத்துச் செல்பவை

இனிப்பு வாங்கிப் போவதை நான் குறைத்துக்கொண்டேன். ஊரில் பாதிப் பேருக்குச் சர்க்கரை நோய்; மீதிப் பேர் அல்வாவின் ஊரிலேயே இருக்கிறார்கள். பெரியவர்களுக்கு உண்மையில் தேவைப்படுவது வேறு: தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்ளக் கைக்கு அடக்கமான டார்ச் விளக்கு, காதுக் கருவிக்கு மின்கலம், பெரிய எழுத்தில் அச்சான பஞ்சாங்கம், வழுக்காத செருப்பு. மருந்துச் சீட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி மாத்திரைகளைச் சென்னையிலேயே வாங்கிப் போகலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: என்ன வேண்டும் என்று கேட்டால் "ஒண்ணும் வேண்டாம், நீ வந்தாப் போதும்" என்றுதான் பதில் வரும். அதனால் அவர்களைக் கேட்காமல், அவர்களுக்கு அருகில் குடியிருக்கும் யாரையாவது கேளுங்கள்.

முதல் நாள்

இறங்கிய அன்று எங்கும் போகாதீர்கள். பெட்டியை வைத்துவிட்டுக் குளித்து, ஆச்சியோ பெரியம்மையோ சமைத்ததைச் சாப்பிட்டு, அவர்கள் உட்காரும் இடத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள். உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் வைத்திருப்பார்கள். இரண்டாவது முறை போட்டுக்கொள்ளாவிட்டால் சமையல் சரியில்லையோ என்று அன்று முழுவதும் கவலைப்படுவார்கள். முதியவர்களிடம் பேச்சு உடனே வராது. முதல் ஒரு மணி நேரம் வேலை எப்படி, பிள்ளைகள் எப்படி என்ற விசாரிப்பில் போய்விடும். பிறகு நெடுநேரம் ஒன்றும் பேசாமல் இருப்பார்கள். அந்த மௌனத்தில் நாம் செல்பேசியை எடுத்துவிட்டால், அதற்குப் பின்னால் வரவிருந்த பேச்சு வராமலேயே போய்விடும். என் பெரியம்மை தன் கல்யாணத்தின்போது ஆற்றில் வெள்ளம் வந்து மாப்பிள்ளை வீட்டார் அக்கரையிலேயே ஓர் இரவு தங்கிய கதையை எனக்குச் சொன்னது அப்படியொரு மத்தியான மௌனத்துக்குப் பின்னால்தான். நாற்பது ஆண்டுகளாக அந்த வீட்டில் வளைய வந்தும் அதுவரை நான் அதைக் கேட்டதில்லை. பழைய புகைப்படங்கள் இருந்தால் எடுத்து வரச் சொல்லி, ஒவ்வொரு முகத்துக்கும் பெயரும் உறவும் கேட்டு, படத்தின் பின்புறம் பென்சிலால் எழுதி வையுங்கள். இதைத் தள்ளிப்போடக் கூடாது.

சொத்துப் பேச்சு, பட்டா, பாகப்பிரிவினை ஆகியவற்றை முதல் நாளில் எடுக்கவே வேண்டாம். பட்டா, சிட்டா நகல்களைத் தமிழ்நாடு அரசின் நில ஆவண இணையதளத்திலும், வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்திலும் சென்னையிலிருந்தபடியே பார்த்துக்கொள்ளலாம். கையெழுத்துக்கோ அளவைக்கோ நேரில் இருந்தே ஆக வேண்டுமென்றால், அதைக் கோயில் முடிந்த பிறகு, எல்லோரும் கூடியிருக்கும்போது, வீட்டின் மூத்தவர் வாயால் தொடங்கச் செய்யுங்கள். வந்தவுடன் பத்திரத்தைக் கேட்பவனை, அவன் எதற்காக வந்தானோ அதற்கு மாறாகத்தான் எல்லோரும் நினைவில் வைத்துக்கொள்வார்கள்.

துட்டி வீடுகள்

இரண்டாம் நாள் முதல் வேலை துட்டி கேட்கப் போவது, அதாவது இறப்பு நடந்த வீட்டில் துக்கம் விசாரிப்பது. தாளில் எழுதியிருக்கும் துக்க வீடுகளுக்கெல்லாம் போய் முடித்த பிறகுதான் கல்யாண வீடு, பிள்ளை பெற்ற வீடு. துட்டிக்கு எந்தெந்தக் கிழமைகளில் போகலாம் என்பதை வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. இனிப்பும் பூவும் கொண்டுபோகக் கூடாது. போனவுடன் ஆறுதல் சொல்ல வார்த்தை தேட வேண்டியதில்லை. உட்கார்ந்தால், கடைசி நாள் எப்படி இருந்தது என்பதை அவர்களே முதலிலிருந்து சொல்வார்கள். நூறு பேரிடம் சொன்னதையே நூற்றொன்றாவது முறையாக உங்களிடம் சொல்வார்கள். அதை இடைமறிக்காமல் முழுவதும் கேட்பதுதான் துட்டி கேட்பது. எழும்போது "போய்ட்டு வாரேன்" என்று சொல்லாமல், தலையசைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும். நகரத்தில் வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இது தெரியாது; கதவருகில் உற்சாகமாகக் கையசைத்துவிடுவார்கள். போகும் வழியிலேயே சொல்லிக்கொடுத்துவிடுங்கள்.

சாஸ்தா கோயில்

சாஸ்தா கோயில்கள் பெரும்பாலும் ஊருக்குள் இருப்பதில்லை. குளத்தங்கரையிலும் வயல்வெளி நடுவிலும் செம்மணல் தேரிக்காட்டிலும் மலையடிவாரத்திலும் இருக்கும்; ஆண்டில் ஒரு நாள் தவிர மற்ற நாள்களில் பல கோயில்களில் ஆள் நடமாட்டமே இருக்காது. அதனால் பொங்கல் வைக்க வேண்டிய அனைத்தையும் வீட்டிலிருந்தே கொண்டுபோக வேண்டும். பானை, பச்சரிசி, வெல்லம், தேங்காய், வாழையிலை, பனையோலை அல்லது விறகு, குடிநீர் ஆகியவற்றை முந்தின இரவே கட்டி வைத்துவிடுங்கள். தீப்பெட்டி இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். குளத்தங்கரைக் காற்றில் ஒன்று போதாது. அடுப்புக்கு மூன்று கல் அங்கேயே கிடைக்கும். பங்குனி வெயில் பத்து மணிக்குமேல் தாங்காது என்பதால், விடியும் முன்பே போய் நிழலுள்ள இடத்தைப் பிடிப்பவர்களுக்குத்தான் நிம்மதி.

பூசை சாஸ்தாவோடு முடிவதில்லை. பேச்சி, இசக்கி, மாடன், கருப்பசாமி, பூதத்தார் என்று சுற்றிலும் இருக்கும் பரிவார தெய்வங்களுக்கு யார் யார் என்ன படைக்க வேண்டும் என்ற முறை ஒவ்வொரு குடும்பத்திலும் வாய்வழியாகவே வந்துகொண்டிருக்கிறது. அந்த முறையைத் தெரிந்த பெரியவர் இருக்கும்போதே அவர் பக்கத்தில் நின்று கவனித்து எழுதிக்கொள்ளுங்கள். முடிந்தால் அடுத்த ஆண்டு உங்கள் கையால் செய்யும்படி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கோயிலுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று வாங்கும் தலைக்கட்டு வரி உண்டென்றால், நிலுவையையும் சேர்த்து அன்றே கொடுத்துவிட வேண்டும். வெளியூரில் இருக்கிறோம் என்பது வரி கொடுக்காததற்குக் காரணமாகாது. பெயர் கணக்கில் இருக்கும்வரைதான் நம் பிள்ளைகளுக்கும் அங்கே ஓர் இடம்.

எங்கள் சாஸ்தா யாரென்றே தெரியவில்லை என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு தலைமுறைக்கு முன்பே ஊரைவிட்டுப் போன குடும்பங்களில் இது நேர்ந்துவிடுகிறது. தாத்தாவின் பிறந்த ஊரைக் கண்டுபிடித்து, அங்குள்ள சொக்காரர் ஒருவரைப் பிடித்துவிட்டால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். கிடைக்காதவர்கள் காரையாற்றுச் சொரிமுத்து அய்யனாரைத் தங்கள் சாஸ்தாவாகக் கொண்டு போய்வருவதுண்டு. எல்லாச் சாஸ்தாக்களுக்கும் அவரே முதல்வர் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. அந்தக் கோயில் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால், பாபநாசம் வனத்துறைச் சோதனைச் சாவடியைக் கடந்துதான் போக வேண்டும். நேரக் கட்டுப்பாடு உண்டு. பிளாஸ்டிக் பொருள்களுக்கு அனுமதி இல்லை. முதல் நாளே விசாரித்துவிட்டுப் போங்கள்.

ஆறும் பழைய இடங்களும்

உத்திரத்துக்கு மறுநாள் ஆற்றுக்குப் போகலாம். பிசான நெல் அறுப்பு முடிந்து வயல்களில் வைக்கோல் படப்பு நிற்கும் காலம் அது. தாமிரபரணியில் தண்ணீர் குறைந்து, அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரியும்படி ஓடும். தண்ணீர் குறைவு என்று பிள்ளைகளைத் தனியே விடாதீர்கள். அணையிலிருந்து திறந்தால் மட்டம் சட்டென்று ஏறும். மணல் அள்ளிய இடங்களில் மேலே தெரியாத பள்ளங்கள் இருக்கின்றன. நீச்சல் குளத்தில் கற்றுக்கொண்ட பிள்ளைக்கு இழுப்பு என்றால் என்னவென்று தெரியாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்த வெள்ளத்துக்குப் பிறகு கரையோரங்கள் பல இடங்களில் மாறிவிட்டன. நாம் சிறுவயதில் குதித்த அதே இடம் அதே ஆழத்தில் இருக்கும் என்று நம்ப வேண்டாம். உள்ளூர்க்காரர் குளிக்கும் படித்துறையில் மட்டும் இறங்குங்கள். பாபநாசத்தில் நீராடுபவர்கள் பரிகாரமென்று உடுத்திய துணியை ஆற்றில் விட்டுவிட்டு வருகிறார்கள். அந்தத் துணிகள் பாறையிடுக்குகளில் சிக்கி அழுகி ஆற்றைக் கெடுக்கின்றன. அடுத்துக் குளிப்பவர் காலிலும் சுற்றிக்கொள்கின்றன. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இந்தத் தண்ணீரைத்தான் தூத்துக்குடி வரை குடிக்கிறார்கள்.

படித்த பள்ளிக்கூடம், விளையாடிய களம், பழைய வீடு ஆகியவற்றைப் பார்க்கத் தனியாகப் போகாமல், அந்த வயதில் கூட இருந்த ஒருவரை அழைத்துக்கொண்டு நடந்து போங்கள். பழைய வீட்டில் இப்போது வேறொருவர் குடியிருந்தால் வாசலில் நின்று படமெடுக்காதீர்கள். கூப்பிட்டு, இன்னார் மகன் என்று சொன்னால் அவர்களே உள்ளே அழைத்துக் காப்பி கொடுப்பார்கள். போவதற்கே வீடு இல்லாதவர்களும் உண்டு. மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று மலைமேல் தேயிலைத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அந்த வரிசை வீடுகள்தான் ஊர். 1929இல் சிங்கம்பட்டி சமீனிடமிருந்து 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுக்கப்பட்ட அந்தத் தோட்டத்தில், குத்தகை 2028இல் முடிய இருக்கும் நிலையில், 2024இல் தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்துக் கணக்கு முடிக்கப்பட்டது. அங்கிருந்து இறங்கிய குடும்பங்கள் அம்பாசமுத்திரத்திலும் கல்லிடைக்குறிச்சியிலும் சுற்றிலும் இருக்கின்றன. உங்கள் ஊர் அதுவென்றால், வனத்துறை அனுமதியோடு மேலே போய்க் காலி வீடுகளைப் பார்ப்பதைவிட, கீழே அந்த மனிதர்களைத் தேடிப் போவதையே முதலில் செய்யுங்கள்.

திரும்பும் நாள்

கடைசி நாளில் புதிதாக யாரையும் பார்க்கப் போக வேண்டாம். அன்று வீட்டில் உங்களுக்காகக் கட்டும் வேலை நடக்கும். கல்லிடைக்குறிச்சி அப்பளம், உடன்குடிக் கருப்பட்டி, வீட்டு முருங்கைக்காய், அரைத்த மிளகாய்த்தூள், இவற்றோடு ஒரு தேங்காயாவது வரும். எல்லாம் சென்னையிலும் கிடைக்கும் என்று மறுக்காமல், முதலிலேயே ஒரு பையைக் காலியாக வைத்துக்கொண்டு போவதுதான் முறை. பதநீர் இறக்கத் தொடங்கியிருந்தால், காலையில் பனையேறியைத் தேடிப்போய் ஓலைப் பட்டையில் குடித்துவிட்டு வாருங்கள். அதை எந்தப் பையிலும் கொண்டுவர முடியாது. பெரியவர் கையால் திருநீறு பூசிக்கொள்ளுங்கள். பணம் கொடுப்பதானால் எல்லோர் முன்னாலும் நீட்டாமல், ஆச்சியின் சுருக்குப் பைக்குள் நீங்களே வைத்துவிடுங்கள்.

வீடு வந்து சேர்ந்ததும் தகவல் சொல்லக் குறுஞ்செய்தி அனுப்பாமல் கூப்பிட்டுப் பேசுங்கள். ரயில் எத்தனை மணிக்கு வந்தது என்று கேட்பார்கள். பிறகு, முருங்கைக்காய் வாடாமல் வந்ததா, அப்பளம் ஒன்றிரண்டு நொறுங்கியிருக்குமே என்று கேட்பார்கள். ஆகவே பையை அவிழ்த்துப் பார்த்துவிட்டுக் கூப்பிடுங்கள்.